களத்துக்குப் போகாமல் இந்த ஆய்வைச் செய்ய முடியாது
முனைவர் பட்ட ஆய்வு நிதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழு உறுப்பினர்களுக்கு,

கடும் வானிலையை மருத்துவக் கட்டமைப்புகள் எப்படித் தாங்குகின்றன என்று ஆராயும் முனைவர் பட்ட மாணவர்களுக்கு இனிமேல் களப்பணி நிதி கிடையாது என்று அறிவித்திருக்கிறீர்கள். ஏற்கெனவே திரட்டிய தரவுகளை வைத்தே ஆய்வேட்டை முடித்துவிட வேண்டும். மூன்று ஆண்டுக்கு மேல் நீட்டிப்பு இல்லை. வெள்ளமோ புயலோ வெப்ப அலையோ நடக்கும் பகுதியில் அந்தச் சமயத்தில் தரவு சேகரிக்கக் கூடாது. சிக்கனம், மாணவர் பாதுகாப்பு என்ற இரண்டு காரணங்கள் உங்கள் சுற்றறிக்கையில் உள்ளன. இரண்டுமே அக்கறைக்குரியவை. ஆனால் இந்த முடிவால் பணமும் மிஞ்சாது, யாருடைய பாதுகாப்பும் அதிகமாகாது. உதவித்தொகை, நெறியாளரின் நேரம், மாணவரின் இளமை எல்லாவற்றையும் செலவழித்து, எந்த மருத்துவமனைக்கும் பயன்படாத ஆய்வேடுகளை வாங்கி அலமாரியில் வைக்கப்போகிறீர்கள்.

இதே தலைப்பில்தான் நான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அதற்கு முன் நர்ஸாக இருந்தேன். வெள்ளத்திலும் கடும் வெயிலிலும் டூட்டி பார்த்திருக்கிறேன். ஒரே மழையில் ஒரு மருத்துவமனை நோயாளிகளை வெளியே அனுப்பிக் கதவை மூடியது. பக்கத்தில் இருந்த, அதைவிடச் சிறிய மருத்துவமனை பிரசவம்கூடப் பார்த்தது. கட்டடத்தின் வயது, படுக்கைகள், நிதி எதை எடுத்துப் பார்த்தாலும் சின்ன மருத்துவமனைக்குத்தான் குறை. அப்படியிருந்தும் அது எப்படி நின்றது என்ற கேள்விதான் என்னை ஆய்வுக்குக் கொண்டுவந்தது.

நீங்கள் இனிப் போதும் என்று சொல்லும் தரவு எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். ஆய்வின் தொடக்கத்தில் எனக்குக் கிடைத்தது, பேரிடருக்கு மருத்துவமனைகள் எவ்வளவு தயார் என்று காட்டும் ஒரு மதிப்பெண் பட்டியல். மருத்துவமனைகளே நிரப்பி அனுப்பிய படிவங்களில் இருந்து தயாரானது. ஜெனரேட்டர் இருக்கிறதா? இருக்கிறது. அவசரகாலத் திட்டம் எழுத்தில் இருக்கிறதா? இருக்கிறது. ஊழியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டதா? தரப்பட்டது. இப்படி எல்லாக் கட்டத்திலும் சரிக்குறி போட்டு நல்ல மதிப்பெண் வாங்கியிருந்த ஒரு மருத்துவமனைக்கு நேரில் போனேன். அப்போது களப்பணி நிதி இருந்தது.

தலைமை நர்ஸ் என்னைப் பின்பக்கம் அழைத்துப்போய் ஜெனரேட்டர் அறையைக் காட்டினார். உயரமான மேடை மீது நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள். வெள்ளம் வந்த இரவில் அந்த மேடைக்குத் தண்ணீர் ஏறவே இல்லை. ஆனால் மின்சாரம் போனபோது அறைச் சாவி எலக்ட்ரீஷியனிடம் இருந்தது; அவர் வீடு மூழ்கிப்போன சாலைக்கு அந்தப் பக்கம். ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கும் ஸ்பேனரால் பூட்டை உடைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் டீசல் விடியும்வரைகூடத் தாங்காது. அந்த இருட்டில் நின்றுகொண்டு அந்த நர்ஸ் ஒரு முடிவு எடுத்தார்: பிரசவ அறை, ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், தடுப்பூசி வைத்திருக்கும் குளிர்பதனப் பெட்டி, இவற்றைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். பெட்டியையும் தொடர்ந்து ஓட்டாமல், உள்ளே இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் நிற்கிறதா என்று வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். இதற்கு மேலிடத்து உத்தரவு எதுவும் வரவில்லை. போன் வேலை செய்தால்தானே வரும்? இப்போது அந்த அறையின் இன்னொரு சாவி பிரசவ அறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது.

சாவி யாரிடம் இருக்கிறது என்று நான் பார்த்த எந்தப் படிவமும் கேட்பதில்லை. டீசல் குறையும்போது எதை முதலில் அணைப்பது, அதை முடிவு செய்ய யாருக்கு அதிகாரம் உண்டு என்றும் கேட்பதில்லை. அந்த மருத்துவமனையைக் காப்பாற்றியது இந்த இரண்டு விஷயங்கள்தான். அடுத்த மருத்துவமனையைக் காப்பாற்றப்போவதும் இப்படிப்பட்ட விஷயங்கள்தான்.

வசதியில்லாத சின்ன மருத்துவமனையின் கதை இது என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது பெல்வியூ மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் 13ஆவது மாடியில் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு எரிபொருளை மேலேற்றும் பம்புகள் அடித்தளத்தில் இருந்தன, அடித்தளம் மூழ்கிவிட்டது. ஊழியர்களும் தேசியக் காவல் படையினரும் படிக்கட்டில் வரிசையாக நின்று எரிபொருளைக் கைமாற்றிக் கைமாற்றி 13 மாடி ஏற்றினார்கள். அப்படியும் அடுத்த சில நாட்களில் மருத்துவமனை முழுவதையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. உலகின் பணக்கார நகரங்களில் ஒன்று அது. அங்கும் "ஜெனரேட்டர் உயரத்தில் இருக்கிறதா" என்ற கேள்விக்கு எதிரே சரிக்குறிதான் இருந்திருக்கும்.

இருக்கும் தரவே போதும் என்ற உங்கள் நம்பிக்கைக்கு நான் காட்டக்கூடிய மிகக் கொடிய உதாரணம் அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோ. 2017 செப்டம்பரில் மரியா புயல் அந்தத் தீவைப் புரட்டிப்போட்டது. அரசின் கணக்கில் இறந்தவர்கள் 64 பேர். மாதக்கணக்கில் அதுதான் அதிகாரபூர்வ எண். அதை மட்டும் வைத்து யாராவது ஆய்வேடு எழுதியிருந்தால் அந்தத் தீவின் மருத்துவக் கட்டமைப்பு அபாரமாகத் தாங்கியது என்ற முடிவுக்கு வந்திருப்பார். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடைய உள்ளூர்க் கூட்டாளிகளும் 2018 தொடக்கத்தில் 3,299 வீடுகளுக்குப் போய் விசாரித்தார்கள். புயலுக்குப் பின் நேர்ந்த சாவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிகிச்சை தாமதமானதாலோ நின்றுபோனதாலோ நேர்ந்தவை என்று அந்தக் குடும்பங்கள் சொன்னது அப்படித்தான் தெரியவந்தது. பிறகு ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து, வழக்கத்தைவிடக் கூடுதலாக 2,975 பேர் இறந்திருக்கிறார்கள் என்று கணித்தது. அரசும் அந்த எண்ணையே ஏற்றுக்கொண்டது.

இந்த எண்ணை வெளிக்கொண்டுவந்ததில் பதிவேடுகளுக்கும் பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை. நானும் எக்சல் தாள்களோடுதான் மாதக்கணக்கில் கிடக்கிறேன். ஆனால் எத்தனை பேர் என்றுதான் பதிவேடு சொல்லும். எங்கே, எதனால் சிகிச்சை அறுந்துபோனது என்று அறிய யாராவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும்.

இப்படித் தட்டுவதால் என்ன நடந்துவிடும் என்று கேட்பீர்கள். டயாலிசிஸ் நோயாளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானோருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடந்தாக வேண்டும். ஒன்றிரண்டு தவறினாலே உயிருக்கு ஆபத்து. 2005இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா புயலின்போது நிறையப் பேருக்கு அது தவறியது. ஆய்வாளர்கள் அவர்களைத் தேடிப்போய்க் கேட்டு ஆவணப்படுத்தினார்கள். சாண்டி வருவதற்கு முன் பல டயாலிசிஸ் மையங்கள் நோயாளிகளை ஒருநாள் முன்னதாகவே வரவழைத்துச் சிகிச்சை கொடுத்தன. அப்படி முன்கூட்டியே சிகிச்சை பெற்றவர்களில் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களும், உள்நோயாளியாகச் சேர்ந்தவர்களும், முப்பது நாளுக்குள் இறந்தவர்களும் மற்றவர்களைவிடக் குறைவு என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. ஒரு புயலில் கற்றது அடுத்த புயலில் உயிர் காத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தத் துறையில் குறைவு.

வெப்ப அலை விஷயத்தில் உங்கள் விதி இன்னும் மோசம். வெள்ளமாவது சுவரில் கோடு விட்டுச் செல்லும். வெயில் போன பிறகு பார்த்தால் எதுவுமே தெரியாது. இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு என்றுதான் இருக்கும். 2003இல் பிரான்ஸில் சுமார் 15,000 பேர் வெப்பத்தால் இறந்தார்கள். அது ஆகஸ்ட் மாதம், மருத்துவ ஊழியர்களில் பலர் விடுமுறையில் இருந்த நேரம். 2021இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வெப்பத்தால் இறந்த 619 பேரில் ஏறத்தாழ எல்லாருமே வீட்டுக்குள் இறந்தவர்கள். 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் முதல்முறையாக வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியபோது, லண்டனின் ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமத்தின் இரண்டு தரவு மையங்களும் வெப்பம் தாங்காமல் நின்றுபோயின. நோயாளியின் பழைய பரிசோதனை முடிவைக்கூடப் பார்க்க முடியாமல் மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். மீண்டெழ வாரக்கணக்கில் ஆயிற்று.

வார்டுக்குள் எவ்வளவு வெப்பம் என்று பெரும்பாலும் யாரும் குறித்து வைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? வானிலை நிலையத்தின் அளவு இருக்கும். நோயாளி படுத்திருக்கும் கட்டிலருகே எவ்வளவு என்று நான் பார்த்த எந்தத் தரவுத் தொகுப்பிலும் இல்லை. நான் வெப்பமானி வைத்து அளந்த மொட்டைமாடிக்குக் கீழிருந்த வார்டில், வெளியே குளிர்ந்த பிறகும் நள்ளிரவு தாண்டிச் சுவர் கனன்றுகொண்டிருந்தது. பிரசவித்த பெண்கள் கட்டிலை விட்டிறங்கிக் குழந்தையோடு தரையில் படுத்திருந்தார்கள். அகமதாபாத்தில் 2010 வெப்ப அலையின்போது ஒரு மருத்துவமனையின் பிறந்த குழந்தைகள் பற்றி நடந்த ஆய்வு ஒன்று உண்டு. மேல்தளத்தில் இருந்த பிரசவ வார்டைக் கீழே மாற்றிய பிறகு, வெப்பத்தால் பாதிக்கப்பட்டுத் தீவிர சிகிச்சைக்கு வந்த பச்சிளம் குழந்தைகள் குறைந்தார்கள் என்று அது காட்டியது. வார்டைக் கீழ்த்தளத்துக்கு இறக்கியதில் கிடைத்த பலன். அந்த மருத்துவமனைக்குள் எந்த வார்டு எந்த மாடியில் இருந்தது என்று தெரிந்தவர்களால்தான் அந்த ஆய்வைச் செய்திருக்க முடியும்.

அடுத்து, மூன்று ஆண்டுக் கணக்கு. ஆய்வுத் திட்டம் எழுதுவது, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், மருத்துவமனைகளின் அனுமதி எல்லாம் முடிவதற்குள் முதல் ஆண்டின் மழைப் பருவம் போய்விடும். இரண்டாம் ஆண்டு மழை பொய்க்கலாம். மூன்றாம் ஆண்டு எழுதி முடிக்க வேண்டும். சரி, நடந்து முடிந்ததைப் பிறகு போய்க் கேட்டால் என்ன என்றால், அதற்குள் அன்று டூட்டியில் இருந்தவர்கள் இடமாற்றலாகிப் போயிருப்பார்கள். ஒரு வெள்ளத்தின்போது மருந்தாளுநர் ஒருவர் கணினி நின்றுபோனதும் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் யாருக்கு எத்தனை நாளைக்கு இன்சுலின், யாருக்குக் காசநோய் மாத்திரை, யார் முகாமுக்குப் போனார்கள் என்று எழுதி வைத்திருந்தார். சிகிச்சை அறுந்துபோனவர்களைத் தேடிப் பிடிக்க அந்த நோட்டுதான் உதவியது. நான் போனபோது ஓரமெல்லாம் நீர் கோத்துப் பக்கங்கள் ஒட்டியிருந்தன. இன்னும் சில மாதம் கழித்துப் போயிருந்தால் பழைய காகிதத்தோடு எடைக்குப் போயிருக்கும்.

பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும். மீட்புப் படகில் மாணவருக்கு இடம் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. மீட்புப் பணிக்கு இடைஞ்சலாக ஆய்வாளர் ஒருவர் நிற்பதைவிடப் பெரிய தவறு கிடையாது. ஆனால் உங்கள் விதியை எழுதியபோது, பாதிக்கப்படும் பகுதியிலேயே வசிக்கும் மாணவர்களை நினைத்தீர்களா? என்னோடு ஆய்வு செய்யும் ஒருவர் அரசு மருத்துவர், பகுதிநேர மாணவி. புயல் வந்தால் அவருக்கு டூட்டி. அந்த இரவில் தன் வார்டில் தானே பார்த்துக் குறித்து வைத்ததை, "நிகழ்வு நடந்த பகுதியில் அந்தச் சமயத்தில் சேகரித்த தரவு" என்று சொல்லி ஆய்வேட்டில் சேர்க்க முடியாது என்கிறது உங்கள் விதி. நோயாளிகளைப் பார்க்க அவர் அங்கே இருக்கலாம், இருந்தே ஆக வேண்டும்; கண்டதை எழுத மட்டும் கூடாது. இது யாரைப் பாதுகாக்கிறது? கடும் வானிலையைப் பற்றிய ஆய்வு, அதை அனுபவிக்காத ஊர்களில் உட்கார்ந்திருப்பவர்களின் கைக்கு மட்டும் போவதற்குத்தான் இது வழி.

சிக்கனம் என்கிறீர்கள். வெளிநாட்டுக் கருத்தரங்குகளுக்கான பயணத் தொகையில் நீங்கள் கைவைக்கவில்லை. ஒரு கருத்தரங்கு விமானச் சீட்டுக்கு ஆகும் பணத்தில் ஒரு மாணவர் பல மருத்துவமனைகளுக்குப் பேருந்தில் போய், தங்கி, திரும்பவும் போய்வரலாம்.

ஊழியர்கள் பக்கம் இருந்தும் ஒன்று சொல்லியாக வேண்டும். படிவத்தோடு வருபவர்களைப் பார்த்து அவர்கள் சலித்துப்போயிருக்கிறார்கள். "போன தடவை வந்தவங்க என்ன எழுதினாங்க? எங்களுக்கு ஒரு காப்பி தந்தீங்களா?" என்று அந்தத் தலைமை நர்ஸ் என்னிடம் நேராகவே கேட்டார். அவர் வீட்டுக்குள்ளும் அன்று தண்ணீர் புகுந்திருந்தது. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல்தான் இரவு முழுக்க வேலை பார்த்திருக்கிறார். அவரைப் போன்றவர்களின் பொறுமையைத் தாங்குதிறன் என்று பாராட்டி மதிப்பெண் போட்டுவிட்டு, அடுத்த தடவையும் அவர்களே எப்படியாவது சமாளித்துக்கொள்ளட்டும் என்று விடுவது அநியாயம். அவர்களிடம் போவதற்கே நிதி இல்லை என்றால், திரும்பப் போய் முடிவுகளைச் சொல்வதற்கு எங்கே இருக்கப்போகிறது?

உலக சுகாதார நிறுவனம் காலநிலையைத் தாங்கும் மருத்துவக் கட்டமைப்புக்கென 2015இல் வெளியிட்ட செயல்திட்ட வரைவில் பத்துக் கூறுகள் இருக்கின்றன. அவற்றில் ஆய்வும் ஒன்று. உங்கள் சுற்றறிக்கையின் முதல் பத்தியிலேயே அதை மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். அப்படியானால் கீழ்க்காண்பவற்றைச் செய்யுங்கள்.

களப்பணி நிதி நிறுத்தத்தை இந்தக் கல்வியாண்டுக்கே திரும்பப் பெறுங்கள். மொத்தத் தொகையை உயர்த்த முடியாது என்றால், கருத்தரங்குப் பயணத் தொகையைக் களப்பணிக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையை மாணவருக்குக் கொடுங்கள். அதற்குப் புதிதாக ஒரு காசு வேண்டாம்.

பேரிடர் காலத் தடையை நீக்கி, அதன் இடத்தில் தெளிவான பாதுகாப்பு நடைமுறை ஒன்றை வையுங்கள். எப்போது போகலாம், யாருடைய அனுமதியோடு, மீட்புப் பணி முடியும்வரை எதைச் செய்யக் கூடாது என்பது அதில் இருக்கட்டும். மாணவருக்குக் காப்பீடும், இழப்புகளை நேரில் கேட்டுத் திரும்பிய பிறகு மனநல ஆலோசனையும் அதில் சேர வேண்டும். சொந்தப் பகுதியில் பணியில் இருக்கும் மாணவர்களை இந்தத் தடையில் இருந்து இன்றே விலக்குங்கள்; இதற்கு நடைமுறை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நெறிமுறை ஒப்புதலை முன்கூட்டியே வழங்க ஏற்பாடு செய்யுங்கள். கேள்வித்தாளையும் ஒப்புதல் படிவத்தையும் மழைக்கு முன்பே ஆராய்ந்து அனுமதித்து வைத்துவிட்டால், நிகழ்வு நடக்கும்போது இடத்தையும் தேதியையும் மட்டும் சரிபார்த்துச் சில நாட்களில் அனுப்பிவிடலாம். அமெரிக்காவின் தேசியச் சுற்றுச்சூழல் சுகாதார அறிவியல் நிறுவனம் பேரிடர் ஆய்வுகளுக்கு இப்படி முன்னதாகவே தயாரித்த ஆய்வுக் கருவிகளையும் செயல்முறைகளையும் வைத்திருக்கிறது. நமக்கும் அது முடியாத காரியம் இல்லை.

இந்தத் துறை ஆய்வுகளுக்குக் குறைந்தது ஒரு முழு மழை அல்லது வெயில் பருவத்துக்கான காலநீட்டிப்பை உதவித்தொகையோடு அனுமதியுங்கள். எதிர்பார்த்த நிகழ்வு நடக்காமல் போனால் அதை மாணவரின் தாமதமாகக் கணக்கிடக் கூடாது.

முடிவுகளைக் களத்து ஊழியர்களுக்கு அவர்கள் மொழியில் திருப்பித் தருவதை ஆய்வேட்டின் கட்டாயப் பகுதியாக்கி, அதற்கான செலவைத் திட்டத்திலேயே ஒதுக்குங்கள்.

கடைசியாக, இந்த முடிவை எடுத்த கூட்டத்தில் களத்தில் வேலை செய்பவர் ஒருவரும் இல்லை. மறுபரிசீலனைக் கூட்டத்துக்கு ஒரு நர்ஸையும் ஒரு மருந்தாளுநரையும் அழையுங்கள். வாக்குரிமையோடு உட்கார வையுங்கள். கூட்டத் தேதியையும், மேலே கேட்டவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை எந்தக் காரணத்தால் மறுக்கிறீர்கள் என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்த பருவத்துக்கான களப்பணி விண்ணப்பங்களின் கடைசி நாளுக்கு முன் அந்தப் பதில் எங்கள் கைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
முனைவர் பட்ட ஆய்வாளர், முன்னாள் நர்ஸ்